ரூபா ஏறியதற்கு என் தம்பி ஏன் பத்தாயிரம் இழக்க வேண்டும்?



நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் வரிப்பத்தான்சேனை, இறக்காமம் குளத்துப் பக்கம். வயலும் கரும்பும் உள்ள ஊர்தான். ஆனால் வயலை மட்டும் நம்பி இன்று அங்கே அதிகம் வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஊவா மலையில் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ராத்தாவின் மாப்பிள்ளை கட்டாரில் லொறி ஓட்டுகிறார். தம்பி அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸின் குசினியில் வேலை செய்கிறான். ஏப்ரல் கடைசியில் போனால் ஒக்டோபர் வரைக்கும் சீசன்.

போன வருடம் தம்பிக்கு மாதம் 60,000 ரூபா. இந்த வருடம் சீசன் தொடங்க முன்னமே முதலாளி போன் எடுத்திருக்கிறார். "வாறதெண்டா வா, ஆனா அம்பதுதான் தருவன். ரூபா ஏறிட்டு. வெள்ளைக்காரன் வரமாட்டான். எனக்குக் கட்டாது."

பெருநாள் அன்று வட்டிலப்பம் சாப்பிட்டபடி தம்பி என்னிடம் கேட்டான்: "காக்கா, நீங்க யூனியன்ல இருக்கிறீங்க, பிள்ளைகளுக்குக் கணக்கும் படிச்சிக் குடுக்கிறீங்க. ரூபா ஏறினா நாடு நல்லாகுது எண்டுதானே டீவியில சொல்றாங்க. பிறகு எனக்கு மட்டும் என்னத்துக்கு பத்தாயிரம் குறையுது?"

இது கடற்கரைக் கதைதானே, கொழுந்து பறிக்கிற நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இன்று எல்லவிலும் நுவரெலியாவிலும் அறுகம்பேயிலும் தட்டுக் கழுவுகிறார்கள், அறை கூட்டுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. தம்பியின் முதலாளி சொன்ன அதே வசனம்தான் சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நமக்கும் சொல்லப்படுகிறது: "தேயிலை டொலரில் விற்கிறது. ரூபா ஏறிவிட்டது. 1,700 கட்டாது." ஆகவே தம்பியின் கேள்வி நம்முடைய கேள்வியும்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

2021இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவில் கட்டிவைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி அந்தக் கட்டை அவிழ்த்தது. இரண்டு மாதத்தில் டொலர் 360 ரூபா. அந்த வருடம் முடியும்போது 363. பிறகு ரூபா திரும்பி ஏறத் தொடங்கியது. 2023இல் 12 வீதம், 2024இல் ஏறக்குறைய 11 வீதம். 2024 டிசம்பர் கடைசியில் டொலர் 292 ரூபா. 2025 ஏப்ரல் மாதத்தில் 300ஐச் சுற்றி நின்றது.

இது உல்லாசப் பயணியை எப்படித் தொடுகிறது? 1,000 டொலர் கொண்டு வந்த ஒருவருக்கு 2022 கடைசியில் வங்கியில் 3 இலட்சத்து 63 ஆயிரம் ரூபா கிடைத்தது. 2024 கடைசியில் அதே 1,000 டொலருக்கு 2 இலட்சத்து 92 ஆயிரம். அதாவது 71,000 ரூபா குறைவு. ஓட்டோக்காரர் கேட்கிற 1,000 ரூபா முன்னர் அவருக்கு 2 டொலர் 75 சதம், 2024 கடைசியில் 3 டொலர் 40 சதம். ஓட்டோக்காரர் ஒரு சதமும் கூட்டவில்லை. ஆனாலும் வந்தவருக்கு விலை ஏறிவிட்டது. ரூபா பலமானால் வெளிநாட்டவருக்கு நம் நாடு விலை கூடிய நாடாகிறது என்று சொல்வதன் பொருள் இதுதான். இதில் பொய் கிடையாது.

ஆனால் எல்லா விலையும் இப்படி மாறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய ஹோட்டல்கள் அறை வாடகையை டொலரில் போடுகின்றன. 100 டொலர் அறை, ரூபா ஏறினாலும் இறங்கினாலும் வெளிநாட்டவருக்கு 100 டொலர்தான். அங்கே ரூபா ஏறும்போது விருந்தாளிக்கு நட்டமில்லை. டொலரை ரூபாவாக மாற்றுகிற முதலாளியின் கையில்தான் கொஞ்சம் குறைகிறது. ரூபாவில் விலை சொல்கிறவர்கள் யார்? தேத்தண்ணிக் கடைக்காரர், ஓட்டோக்காரர், உடுப்புத் தோய்க்கிறவர், இரண்டு அறையை வாடகைக்கு விடுகிற குடும்பம். விருந்தாளி பேரம் பேசுவது இவர்களிடம்தான். ஆகவே ரூபா ஏறும்போது முதல் அடி சின்ன ஆட்களுக்கு விழுகிறது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரன் வரமாட்டானா?

இப்போது முதலாளியின் இரண்டாவது வசனத்துக்கு வருவோம். ரூபா ஏறினால் ஆட்கள் வரமாட்டார்களா? இதற்குக் குறி பார்க்கத் தேவையில்லை. உல்லாசப் பயண அதிகாரசபையின் எண்ணிக்கையை ரூபாவின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

2018இல் டொலர் இருநூறுக்குக் கீழே இருந்தது. அதாவது ரூபா இன்றையை விட எவ்வளவோ பலம். அந்த வருடம் வந்தவர்கள் 23 இலட்சத்துக்கு மேல். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. ரூபா அப்படியே இருந்தது, ஹோட்டல்கள் வெறுமையாயின. அந்த வருடம் 19 இலட்சம். பிறகு கொரோனா. 2022இல் ரூபா தரையில் கிடந்தது, வெளிநாட்டவருக்கு இலங்கை கொள்ளை மலிவு. "ரூபா விழுந்தால் ஆட்கள் குவிவார்கள்" என்ற பேச்சு உண்மையானால் அந்த வருடம்தான் குவிந்திருக்க வேண்டும். வந்தவர்கள் 7 இலட்சத்து 20 ஆயிரம் மட்டும். ஏன்? பெற்றோல் வரிசை, மணிக்கணக்கில் கரண்ட் வெட்டு, எரிவாயு இல்லை, தெருவெல்லாம் போராட்டம். மலிவு என்பதற்காக ஆரும் இருட்டுக்குள் விடுமுறை கழிக்க வருவதில்லை.

2023இல் ரூபா 12 வீதம் ஏறியது. வந்தவர்கள் 14 இலட்சத்து 87 ஆயிரம், முந்தைய வருடத்தைப் போல இரண்டு மடங்கு. 2024இல் ரூபா மறுபடியும் ஏறியது. வந்தவர்கள் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். 2025இன் முதல் மூன்று மாதத்திலேயே 7 இலட்சத்துக்கு மேல். 2022 முழு வருடத்திலும் வந்த அளவு ஆட்கள், தை மாசி பங்குனிக்குள் வந்து இறங்கிவிட்டார்கள்.

அறுகம்பேயையே பாருங்கள். 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பே பகுதிக்குப் போக வேண்டாம் என்று தன் நாட்டவர்களை எச்சரித்தது. இஸ்ரேல் தன் ஆட்களை அங்கிருந்து வெளியேறச் சொன்னது. கடலில் அலை அப்படியே இருந்தது, டொலரின் விலை அப்படியே இருந்தது. ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆளை விரட்டுவது பயம். ஆளைக் கூட்டி வருவது பாதுகாப்பு, வெளிச்சம், ஓடுகிற பஸ், நியாயமான விசாக் கட்டணம்.

நாணய விலைக்கு ஒரு பங்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் யென் விழுந்ததால் 2024இல் மூன்றரைக் கோடிக்கும் மேலானவர்கள் அங்கே போனார்கள். நமக்கு ஆகக் கூடுதலான விருந்தாளிகள் வருவது இந்தியாவிலிருந்து. 2024இல் 4 இலட்சத்துக்கு மேல். அவர்கள் தாய்லாந்தா இலங்கையா என்று ஒவ்வொரு ரூபாவாக எண்ணிப் பார்த்து வருகிறவர்கள். 2022 கடைசியில் ஓர் இந்திய ரூபாவுக்கு நம் காசு 4 ரூபா 40 சதமளவில் கிடைத்தது. 2024 கடைசியில் 3 ரூபா 40 சதம். நாளைக்கு ரூபா திடீரென்று இருநூறுக்கு ஏறினால் அவர்களில் ஒரு பகுதியினர் வேறு பக்கம் போவார்கள், சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் தடுமாறும். அது உண்மை. ஆனால் இன்று நடப்பது அது அல்ல. ரூபா ஏறிய இரண்டு வருடத்தில் ஆட்கள் மூன்று மடங்காகியிருக்கிறார்கள்.

பத்தாயிரம் எங்கே போகிறது?

அன்று பின்னேரம் தம்பியின் போனில் அந்தக் கெஸ்ட் ஹவுஸின் அறை விலையைப் பார்த்தோம். போன வருடம் ஓர் இரவு 30 டொலர். இந்த வருடம் 35.

பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டேன். போன சீசன் நடுவில் டொலர் 300 ரூபாச் சொச்சம். ஆகவே அறை ஓர் இரவுக்கு 9,000 ரூபாச் சொச்சம். 2025 ஏப்ரலிலும் டொலர் 300ஐச் சுற்றித்தான் நின்றது. 35 டொலர் என்றால் 10,500 ரூபா. போன சீசனுக்கும் இந்தச் சீசனுக்கும் இடையில் ரூபா ஏறியதென்று சொல்லவே ஒன்றுமில்லை. ரூபா ஏறியது அதற்கு முன்னைய காலத்தில். அப்போதெல்லாம் முதலாளி 60,000 கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது அறைக்கு 1,500 ரூபா அளவில் கூடுகிறது, தம்பிக்கு 10,000 குறைகிறது. அறை வாடகை கூடியது நூற்றுக்குப் பதினாறு. தம்பியின் சம்பளம் குறைந்தது நூற்றுக்குப் பதினாறுக்கு மேல்.

கணக்கைப் பார்த்துவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ரூபா ஏறினது உண்மை, ஆனா எனக்குச் சொன்னது பொய்" என்றான். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

இது ஒரு முதலாளியின் குணத்தைப் பற்றிய கதையாக முடிந்துவிடக் கூடாது. டொலர், நாணய மாற்று, சந்தை என்ற சொற்களைக் கேட்டவுடன் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். பெரிய படிப்புப் படித்தவர்களின் விடயம் என்று நினைக்கிறோம். அந்த மௌனத்தில்தான் நம் சம்பளத்தை வெட்டுகிறார்கள். சுவிட்சர்லாந்திலும் இது நடந்தது. 2015 ஜனவரி 15ஆம் திகதி அந்த நாட்டு மத்திய வங்கி கட்டை அவிழ்த்தபோது பிராங்க் சில நிமிடங்களில் கிடுகிடுவென்று ஏறியது. ஐரோப்பிய விருந்தாளிகள் குறைந்ததால் மலை ஹோட்டல்கள் திண்டாடியது உண்மை. ஆனால் ஏற்றுமதிக் கம்பனிகள் சில என்ன செய்தன? அதே சம்பளத்துக்கு வாரத்தில் கூடுதலான மணிநேரம் வேலை வாங்கின. பணக்கார நாடானாலும் சுமையை இறக்குவதற்கு முதலில் தேடிய முதுகு தொழிலாளியின் முதுகுதான்.

தேயிலையிலும் இதே கதை

இனி நம் மலைக்கு வருவோம். தேயிலையும் அறுகம்பே அறையைப் போலத்தான். வெளிநாட்டுக்காரன் டொலரில் வாங்குகிறான், நமக்கு ரூபாவில் சம்பளம்.

2021 மார்ச்சில் வர்த்தமானி வந்து நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அன்றைக்கு அது 5 டொலர். அடுத்த வருடம் ரூபா விழுந்தது. உரத் தடையால் கொழுந்து குறைந்து, தேயிலை ஏற்றுமதி 132 கோடி டொலரிலிருந்து 126 கோடிக்கு இறங்கியது. டொலரில் கொஞ்சம் நட்டம். ஆனால் ரூபாவில்? கொழும்பு ஏலத்தில் 2021இல் ஒரு கிலோ தேயிலை சராசரியாக 600 ரூபாச் சொச்சத்துக்குப் போனது. 2022இல் 1,200ஐத் தாண்டியது. இரண்டு மடங்கு. உரமும் டீசலும் கரண்டும் விலை ஏறியது உண்மைதான். ஆனால் செலவில் மிகப் பெரிய பங்கு என்று கம்பனிகளே எப்போதும் சொல்கிற நம் கூலி மட்டும் ஒரு சதமும் ஏறவில்லை. 2022 கடைசியில் நம் 1,000 ரூபாவின் பெறுமதி 2 டொலர் 75 சதம். பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டி, குறைந்தால் அரைப்பேர் போட்டதும் இதே காலத்தில்தான்.

அன்றைக்கு ஆராவது நம் லயத்துக்கு வந்து, "ரூபா விழுந்ததால் டொலருக்குக் கூடக் காசு கிடைத்தது, இந்தா உன் பங்கு" என்று சொன்னார்களா? பெரட்டுக் களத்தில் ஆரும் அப்படி அறிவித்ததாக எனக்கு ஞாபகமில்லை. உங்களுக்கு ஞாபகமிருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுவோம்.

இப்போது ரூபா ஏறியிருக்கிறது. உடனே நமக்குக் கதை சொல்ல வருகிறார்கள். ஆனால் ஏலத்தைப் பாருங்கள். ரூபா ஏறிய 2023இலும் 2024இலும்கூட வருடச் சராசரி விலை 1,100க்குக் கீழே இறங்கவில்லை. 2021 விலையோடு பார்த்தால் இன்னமும் ஏறக்குறைய இரு மடங்குதான். நம் சம்பளம் என்ன ஆனது? 2024 மே தினத்துக்கு 1,700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் உயர் நீதிமன்றம் போயின. ஜூலையில் இடைக்காலத் தடை. செப்டம்பரில் 1,350 என்று முடிந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மறுபடியும் 1,700 என்று சொன்னார்கள். 2025 ஏப்ரலில் கையில் வந்தது 1,350தான். டொலரில் அது நாலரை.

2021இல் 5 டொலர், 2025இல் நாலரை டொலர். நான்கு வருடம் போராடி, வர்த்தமானி, வழக்கு எல்லாம் பார்த்து, டொலர்க் கணக்கில் அரை டொலர் பின்னுக்குப் போயிருக்கிறோம். தேயிலையை டொலரில் விற்கிறவர்கள் "ரூபா ஏறியதால் கூலி தாங்காது" என்று சொல்லும்போது இந்தக் கணக்கை அவர்கள் முன்னால் வையுங்கள்.

ஆருடைய டொலர்?

ரூபா ஏன் ஏறியது என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. வாகன இறக்குமதி 2020இல் இருந்து 2025 தொடக்கம் வரை மூடிக் கிடந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கடன் கொடுத்தது. இதெல்லாம் டொலர் வெளியே போவதைக் குறைத்த அல்லது கடனாகக் கொண்டுவந்த வழிகள். உழைத்துக் கொண்டுவந்த டொலர் ஆருடையது? 2024இல் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பியது 650 கோடி டொலருக்கு மேல். உல்லாசப் பயணத்தில் வந்தது 300 கோடிக்கு மேல். தேயிலையில் 140 கோடிக்கு மேல்.

வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் ஆர்? கட்டாரில் லொறி ஓட்டுகிற என் மச்சான். பிள்ளையை அம்மாயியிடம் விட்டுவிட்டு சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன உங்கள் பெண்கள். என் வகுப்பில் இந்த வருடம் ஆறு பிள்ளைகளின் அம்மா வெளிநாட்டில். ஹோட்டல்களில் தட்டுக் கழுவுகிறவர்கள் ஆர், கொழுந்து பறிக்கிறவர்கள் ஆர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரூபாவைத் தூக்கி நிறுத்தியதில் இந்தக் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்கி நிறுத்தியவர்களுக்கே அதைக் காட்டிச் சம்பளம் குறைப்பது என்ன நியாயம்?

மச்சானின் கதை இன்னும் கசப்பு. 2022 கடைசியில் அவர் 1,000 ரியால் அனுப்பினால் ராத்தாவின் கையில் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட வந்தது. 2024 கடைசியில் 80,000. அவர் வேலையைக் குறைக்கவில்லை, கட்டாரின் வெயிலும் குறையவில்லை. "ரூபா விழுந்தா நல்லம் போல இருக்கு" என்று ராத்தா சொன்னா. அவவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தொழிலாளியாக நாம் அப்படி விரும்பக் கூடாது. ரூபா விழுந்த நாட்களை மறந்துவிட்டோமா? 2022 ஜூலையில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,910 ரூபா. பெற்றோல் லீற்றர் 470. கோதுமை மாவு வாங்க முடியாமல் ரொட்டியை எண்ணிச் சுட்டோம். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வாங்கில் தலையைச் சாய்த்துக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்தேன். மாவும் பால்மாவும் மருந்தும் மண்ணெண்ணெயும் டொலரில் வருகிற நாட்டில், ரூபா விழுவது என்றால் முதலில் லயத்து அடுப்பு அணைவது என்றுதான் பொருள். கட்டாரிலிருந்து கூடுதலாக வந்த இருபதாயிரத்தையும் கடைக்காரர்தான் வாங்கிக்கொண்டார்.

2025 ஏப்ரலில் அதே சிலிண்டர் 3,690. இறங்கியது உண்மை. ஆனால் 2021 நடுவில் அது 1,500க்கும் குறைவு. விலை ஏறும்போது லொறியில் ஏறுகிறது, இறங்கும்போது நொண்டி நொண்டி இறங்குகிறது. ரூபா ஏறிய பலனும் நமக்கு அரைகுறையாகத்தான் வந்து சேருகிறது.

பங்களாவும் லயமும்

மலையில் இன்று துரை பங்களாக்கள் ஹோட்டலாகின்றன. கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாக நிற்கிறது. சில பங்களாக்களில் ஓர் இரவுக்குப் பல நூறு டொலர். விருந்தாளிக்குக் கூடையைக் கொடுத்து, கொழுந்து கிள்ளக் காட்டிக்கொடுத்து, அதற்கும் காசு வாங்குகிறார்கள். அவர் எடுத்துக்கொண்டு போகிற படத்தில் பச்சை மலையும், கூடை போட்ட நம் அம்மாவும், அவவின் சிரிப்பும் இருக்கும். அந்தச் சிரிப்பை விளம்பரத்தில் போடுகிறவர்கள் அவவுக்கு என்ன கொடுக்கிறார்கள்?

2023 ஒக்டோபரில் கொழும்பு ஹோட்டல்களுக்கு அரசாங்கம் வர்த்தமானி போட்டு அடிமட்ட வாடகை வைத்தது. ஐந்து நட்சத்திர அறை ஓர் இரவு 100 டொலருக்குக் குறையக் கூடாது. டொலரிலேயே வைத்தார்கள். தொழிலாளிக்கு? 2025 வரவு செலவுத் திட்டத்தில் பெரிதாகச் சொல்லப்பட்ட மாதாந்த அடிமட்டச் சம்பளம் 27,000 ரூபா. அது 90 டொலர். ஒரு மாத உழைப்பு ஓர் அறையின் ஓர் இரவுக்கு எட்டவில்லை. அறைக்கு டொலரில் பாதுகாப்புக் கொடுக்க முடிந்த நாட்டில், ஆளுக்கு ரூபாவில் பாதுகாப்புக் கொடுக்க ஏன் முடியாது?

நாம் கேட்பது

டொலர் எத்தனை ரூபாவில் நிற்க வேண்டும் என்று நாம் பேரம் பேசவில்லை. ஏறினாலும் இறங்கினாலும் சுமை ஆருக்கு, பலன் ஆருக்கு என்பதே நம் கேள்வி. பலனில் பங்கு தராதவர்களுக்கு நட்டத்தில் மட்டும் நம்மைப் பங்காளியாக்கும் உரிமை கிடையாது. இந்த மே தினத்தில் நாம் முன்வைக்கிறவை இவை.

ஒன்று: 1,700 ரூபா அடிப்படை நாட்சம்பளமாக வர வேண்டும். கிலோவைக் கூட்டியோ, கொடுப்பனவு என்று பிரித்துக் காட்டியோ அல்ல. 2025 ஏப்ரல் விலையில் அது 5 டொலர் 67 சதம். 2021இல் வாங்கியதை விடக் கொஞ்சம்தான் கூட.

இரண்டு: ஹோட்டலிலும் கெஸ்ட் ஹவுஸிலும் சீசன் வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் சம்பளமும் காலமும் எழுதிய கடிதம் வேண்டும். ஆறு மாதம்தானே என்று ஊழியர் சேமலாப நிதியையும் ஊழியர் நம்பிக்கை நிதியையும் விழுங்கக் கூடாது.

மூன்று: விருந்தாளியின் பில்லில் போடுகிற பத்து வீத சேவைக் கட்டணம் எவ்வளவு சேர்ந்தது, எப்படிப் பிரிந்தது என்பதை மாதாமாதம் தொழிலாளர் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும்.

நான்கு: தோட்டக் காணியிலும் பங்களாவிலும் ஹோட்டல் நடத்துகிற கம்பனிகள் அந்த வருமானத்தையும் சம்பளப் பேச்சு மேசையில் காட்ட வேண்டும். "தேயிலையில் நட்டம்" என்று ஒரு கையைக் காட்டிக்கொண்டு மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கக் கூடாது.

இதெல்லாம் மேலே இருப்பவர்களிடம் கேட்பது. நமக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. எந்தத் தோட்டத்திலிருந்தும் சீசன் வேலைக்குப் போகிற பிள்ளைகள், போகுமுன் தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ பேரையும் போகிற இடத்தையும் பேசிய சம்பளத்தையும் எழுதிக் கொடுங்கள். ஒரு கொப்பி போதும். எந்த ஊரில் ஆருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்தால், "மற்ற இடத்தில் இதைவிடக் குறைவு" என்று சொல்லி ஆரையும் ஏமாற்ற முடியாது. சங்கச் சந்தா கட்டுகிறவரின் பிள்ளை எல்லவில் இருந்தாலும் அறுகம்பேயில் இருந்தாலும் சங்கத்தின் பிள்ளைதான்.

தம்பியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம் குசினி வேலைக்குப் போகிறவர்கள் அவனோடு சேர்த்து ஐந்து பேர். பெருநாளுக்கு மறுநாள் ஐந்து பேரும் எங்கள் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். அப்பியாசக் கொப்பிக் கணக்கை ஒவ்வொருவரும் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அறுபதுக்குக் குறைய ஆரும் போவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். தம்பி முதலாளிக்குப் போன் எடுத்து, மரியாதையாக, அறை வாடகையையும் டொலர் விலையையும் சொல்லிக் கேட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "யோசிச்சிச் சொல்றன்" என்றார்.

இதை எழுதும்வரை பதில் வரவில்லை. அறுகம்பேயில் அலை எழத் தொடங்கிவிட்டது. தம்பி இன்னும் வீட்டில்தான் இருக்கிறான், மற்ற நாலு பேரும் அப்படித்தான். உம்மாவுக்குப் பயம், இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று. எனக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. ஆனால் ஐந்து குசினிக்காரர் இல்லாமல் சீசனைத் திறக்கிற முதலாளிகளுக்கும் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யும்.

மே தினத்தன்று ஊர்வலத்தில் சந்திப்போம். வரும்போது உங்கள் சம்பளச் சீட்டையும் கொண்டு வாருங்கள். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.